பாலத்தடியில் கண்டதை எழுது

சீசா, பலெர்மோ
20 யூலை 2025

அன்புத் தம்பி றஞ்சித்துக்கு,

மடு மாதா உன்னையும் உன் வீட்டாரையும் காக்க வேண்டுமென்று மன்றாடிக்கொண்டு அக்கா மாக்கிரட் எழுதுகிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மீன் வெட்டுகிற ஆள். நான் சொல்லப்போவதை உன் மனைவியும் கேட்கக்கூடாது. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்கு வருகிற அகஸ்ரின் அண்ணையிடம் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடு. விசா வந்திருந்தாலும் இதை முடிக்காமல் ரிக்கெட் எடுக்காதே.

பிள்ளைகள் சுகம். இங்கே வெயில் நெருப்பாய்க் கொட்டுகிறது. அத்தானுக்கு முழங்கால் வலி. ஆனாலும் இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறத்தான் வேண்டுமென்று அடம்பிடித்து ஏறினார். இறங்கும்போது நான்தான் தாங்கிக்கொண்டு வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்கு வேலை எடுத்துத் தந்தவர் புனிதமலர் அக்கா என்று சொல்லியிருந்தேன். தமிழ்ப் பூசைக்கு வருகிறவர், மகளோடு பல்லாறோச் சந்தைப் பக்கம் இருக்கிறார். அவர் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, இங்கே சிஞ்ஞோரா என்பார்கள், அவரின் கணவர் படுத்த படுக்கை. தூக்கிக் குளிப்பாட்ட ஓர் ஆம்பிளை வேண்டுமென்று சிஞ்ஞோரா கேட்க, அக்காதான் உன் பெயரைச் சொல்லி, அனுமதிக் கடிதம் வரும்வரை கந்தோர் கந்தோராக நடந்தார். நீ வந்தால் அவரோடு ஒரே வீட்டில்தான் வேலை.

போன ஞாயிறு சின்னவளையும் கூட்டிக்கொண்டு நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் ஒரு பெடியனின் படம். மாலை போடவில்லை. மகன் சுஜன் என்றார். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. தம்பி, நீ முகாமிலிருந்து முதல் போன் எடுத்து அழுத அன்று சொன்ன அதே புருவம். எங்கள் தங்கச்சி அமலினியைப் பங்கருக்குள் இருந்து தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனவன்.

புனிதமலர் அக்கா அவராகவே சொன்னார். அவனையும் இயக்கம் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுதான் போனதாம். பிறகு, மற்றப் பிள்ளைகளைப் பிடித்து வா, இல்லாவிட்டால் உன் தங்கச்சியைக் கொண்டுபோவோம் என்று ஏவிவிட்டார்களாம். "என்ர பிள்ளை செய்தது பாவம்தான். முந்திச் சோறு குழைச்சுக் குடுத்த சனமே அவனுக்கு மண் அள்ளி எறிஞ்சது. என்னைக் கிணத்தடிக்கு அண்ட விடேல்லை" என்றார். ஒரு பக்கம் ஆமியின் செல்லடி, மறுபக்கம் பிள்ளை பிடிக்கிறவர்கள். சனம் வேறு என்ன செய்யும்? அங்கே இருந்திருந்தால் மண் என்ன, நான் கல்லே எறிந்திருப்பேன்.

சண்டையின் கடைசி நாள் அவன் துவக்கை எறிந்துவிட்டு, சாரம் கட்டிக்கொண்டு, தாயின் கையைப் பிடித்தபடி, சனம் ஆமிப் பக்கம் கடந்த பாலத்தடிக்கு வந்திருக்கிறான். சனத்துக்குள் இருந்து ஒருவன் "இவன்தான் சேர்" என்று ஆமிக்குக் காட்டினானாம். பஸ்ஸில் ஏற்றினார்களாம். பதினாறு வருடமாக ஒரு தகவலும் இல்லை. மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதால் காட்டியவனின் முகத்தை அவர் காணவில்லை. ஆனால் அந்தக் குரலை மறக்கவில்லையாம்.

அது நீ என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். அமலினியின் உடம்பைக்கூட நாங்கள் காணவில்லை. தங்கச்சியைப் பறிகொடுத்த இருபத்தொரு வயதுப் பெடியன் வேறு என்ன செய்வான் என்று இவ்வளவு காலமும் எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்துக்கு முன்னால் இருந்து, அவர் தந்த கேக் துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

பொய்யும் சொன்னேன். தம்பி சண்டைக்குள் இருந்து எந்தப் பக்கத்தால் வந்தவர் என்று கேட்டார். முன்னமே காயக்காரரோடு கப்பலில் வந்துவிட்டான் என்றேன். எங்கள் வீட்டு வாயாடி சும்மா இருக்குமா? "மா நோ, மம்மா! மாமா பாலத்தாலை வந்தவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்று சின்னவள் போட்டுடைத்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஏன் ஒளிக்கிறீர்? என்ர பிள்ளையை எந்தப் பக்கம் கொண்டுபோனவங்கள் எண்டு கண்டாரோ? அது மட்டும் தெரிஞ்சால் காணும்" என்று அழுதார்.

அன்றிலிருந்து உன்னோடு போனில் கதைக்க வேண்டுமென்று நாளும் கேட்கிறார். நீ எடுக்கும்போது நான் வெட்டிவிடுவது அதனால்தான், கோபிக்காதே. ஒரு 'ஹலோ' போதும், அவருக்கு விளங்கிவிடும். பிறகு பல்லாறோ முழுக்கத் தெரியும். இங்கே இருந்துகொண்டு இன்னும் சண்டை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். என் பிள்ளைகளைத் துரோகி குடும்பம் என்பார்கள். எனக்குப் பயமாய் இருக்கிறது, தம்பி. உன் பிள்ளைகளின் காலம் இந்த வேலையில் தொங்குகிறது என்று தெரிந்தும் சொல்கிறேன், வராதே. உனக்கு நாரி முறிந்துவிட்டது, இனி ஆளைத் தூக்க ஏலாது என்று சிஞ்ஞோராவுக்குச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய் பின்னேரம்

ஞாயிறு விட்ட இடத்திலிருந்து எழுத இருந்தபோது கதவில் தட்டுகிற சத்தம். புனிதமலர் அக்கா! தாளைத் துவாய்க்குக் கீழே தள்ளினேன், கண்டுவிட்டார். தம்பிக்கோ என்றார். ஓம் என்றேன். கண்ணாடி கொண்டுவரவில்லையாம், தான் சொல்லச் சொல்ல நான் இரண்டு வரி எழுத வேண்டுமாம். இப்போது என் குசினியில் தேத்தண்ணி ஊற்றுகிறார். அவர் வருவதற்குள் அவசரமாய் எழுதுகிறேன். வா என்றும் வராதே என்றும் சொல்ல இனி எனக்கு வாய் வரவில்லை. நீ கண்டதை எழுது. எந்த பஸ், எந்தப் பக்கம் திரும்பியது, அவன் ஏதாவது கத்தினானா. காட்டியது யார் என்று எழுதாதே. ஐயோ, எழுதத்தான் வேண்டுமோ, எனக்குத் தெரியவில்லை. வருகிறார்.

அவர் சொன்னபடி:

"தம்பி றஞ்சித், பிளேனாலை இறங்கேக்கை கூட்டிவர நானும் வாறன். பயப்பிடாமல் வாரும். செபமாலையிலை என்ர பிள்ளைக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிப்போட்டு, உமக்கும் ஒண்டு சொல்லுறனான். அவனைக் கடைசியாய்க் கண்ட கண் உம்முடையதாயும் இருக்கலாம் எல்லோ. நீர் நல்லாய் இருக்கவேணும்."

இப்படிக்கு,
அக்கா மாக்கிரட்