அது உத்தரணி இல்லை

என் அருமை அருணா,

நீ போய்விட்ட பிறகும் ஓடிக்கொண்டிருந்த உன் படகு, அந்த அயல்நாட்டுப் பெரிய ஏரியில் எந்தப் பக்கமாகச் சுற்றியது? வலமாகவா, இடமாகவா? எனக்குத் தெரியாது. இதயம் நின்றுபோனவனின் படகு எந்தப் பக்கம் திரும்பினால்தான் என்ன என்று கேட்கிற ஆள் நான். ஆனாலும் ஒரு வருஷமாக இதே கேள்விதான்.

செய்தி வந்த அன்று அப்பா முதலில் கேட்டதும் இதைத்தான். ஆயுள் முழுக்கக் கோயிலில் பூஜை செய்தவர், வேறெதைக் கேட்பார்? மோட்டார் அணையாமல் மெதுவாக வட்டமடித்துக்கொண்டிருந்த படகை இன்னொரு படகுக்காரர் பார்த்தார் என்று உன் நண்பர் போனில் சொன்னதை அவரிடம் சொன்னேன். "எந்தப் பக்கமாம்மா சுத்தித்து?" என்றார். "வலமாத்தாம்ப்பா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். படகில் தூண்டில்கள் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. காற்று வாங்கப் போனான் என்றேன். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்க்கா" என்று நீ கேட்டுக்கொண்டதும் அதுதானே?

நீ போனில் பேசி அனுப்பியவற்றை இன்னும் கேட்கிறேன். எல்லாவற்றின் பின்னாலும் அந்த மோட்டாரின் முனகல். "கோடைல சால்மன் மீன் மேல வராதுக்கா. குளிர்ந்த தண்ணியத் தேடிக் கீழ போயிடும். ஈயக் குண்டைக் கட்டித்தான் தூண்டில் நரம்பை அவ்ளோ ஆழத்துக்கு இறக்கணும். அப்பா மலை சுத்தற வேகத்துல படகு போகணும். ஜாஸ்தியும் ஆகாது, கம்மியும் ஆகாது."

இன்னொன்றில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறாய்: "மீன் தூண்டில் தகட்டுக்குப் பின்னாடியே ரொம்ப தூரம் வரும்க்கா. கவ்வாது. நேராப் போயிண்டிருந்தா சும்மா வந்துண்டே இருக்கும். படகைத் திருப்பணும். அப்ப உள்பக்கத் தகடு வேகம் கொறைஞ்சு இறங்கும், வெளிப்பக்கத் தகடு துள்ளி எழும்பும். அப்பதான் கவ்வும்."

கல்லூரி விட்டுக் கிரிவலப் பாதையில் வீட்டுக்கு நடக்கும்போது, எனக்குப் பின்னால் எதுவோ ஒரே இடைவெளியில் வருகிறது. நான் நின்றால் நிற்கிறது. இயற்பியல் கற்பிக்கிறவள் நான். இதற்கெல்லாம் என்னிடம் விளக்கம் உண்டு. இருந்தும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால்தானே கவ்வும்?

போன வாரம் உன் நண்பர் அனுப்பிய பெட்டி வந்தது. சட்டைகள், கைக்கடிகாரம், அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு தகடு. விரல் நீளம், இலை வடிவம், நடுவில் குழிவு. கையில் குத்தக் கூடாதென்று கொக்கியைக் கழற்றிவிட்டு அனுப்பியிருந்தார். நான் ஒளித்துவைப்பதற்குள் அப்பா எடுத்துவிட்டார்.

"உத்தரணி! காம்புதான் ஒடிஞ்சிருக்கு" என்றார். பூஜையில் தண்ணீர் எடுத்து விடுகிற கரண்டி என்று நினைத்துவிட்டார். "எல்லாத்தையும் விட்டுட்டான்னியே, பாத்தியா? அங்கயும் சந்தியாவந்தனம் பண்ணிண்டுதான் இருந்திருக்கான்."

புளி போட்டுத் தேய்த்துப் பஞ்சபாத்திரத்தில் வைத்திருக்கிறார். நாளை உன் வருஷத் திதி. அதால்தான் உனக்கு எள்ளும் தண்ணீரும் விடப்போகிறாராம். சொன்னால், உன்னைப் பற்றி அவருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால், மீனை ஏமாற்றிய தகடு அவரையும் ஏமாற்றும். நீ இருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நடந்ததை இதன் கீழேயே எழுதுகிறேன்.

தர்ப்பையைப் பரப்பும்போது சொல்லிவிட்டேன். "அப்பா, அது உத்தரணி இல்ல. மீன் பிடிக்கற தகடு. அருணா ஏரிக்குப் போனது அதுக்குத்தான்."

அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "பிடிச்சதைச் சாப்ட்டானா?"

"தெரியலப்பா. திருப்பி விட்டுடுவேன்னு சொல்வான்."

"வலமா சுத்தித்துன்னியே?"

"அதுவும் தெரியாதுப்பா."

"எம்.எஸ்ஸி. படிச்சிருக்கே. உனக்கு என்னதான்டி தெரியும்?"

தன் பழைய செப்பு உத்தரணியை எடுத்துக்கொண்டார். காரியம் முடிந்தது. காக்கை வந்தது, அது எங்கள் வீட்டுக்குத் தினமும் வரும்.

மத்தியானம் பின்புறத் தண்ணீர்த் தொட்டியருகே தகட்டோடு நின்றார். "எப்படி ஏமாத்தும்? காட்டு."

பூக்கட்டும் நூலைத் தகட்டின் துளையில் கட்டித் தண்ணீரில் இழுத்தேன். அடிபட்ட சிறு மீன் போலத் தள்ளாடிக்கொண்டு வந்தது.

"இந்த வேகம் போறுமா?"

"நீ மலை சுத்தற வேகம்னு சொல்வான்."

அப்பா என் கையிலிருந்து நூலை வாங்கிக்கொண்டார். அந்த வட்டத் தொட்டி தன் வலக்கைப் பக்கம் இருக்க, மெதுவாக நடந்தார். தகடு பின்னாலேயே வந்தது. நானும் அதே இடைவெளியில் நடந்தேன். மூன்று முறை சுற்றினோம். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்பாவிடம் தெரியாததை இனித் தெரியாது என்றே சொல்வேன், அருணா. உன் விஷயத்திலும்கூட.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா