திறப்பு விழாவுக்கு எடுத்த ஆட்கள்

அன்புள்ள மகாலட்சுமிக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? "நல்லது வந்தாக்கூட ஏன் சந்தேகப்படுறீக?" என்று ஒருமுறை கேட்டாய். தேனியில் திறக்கப்போகும் பெரிய பர்னிச்சர் கடையில் நம் மகள் ஓவியாவுக்கு வேலை கிடைத்ததாக நீ எழுதியதும் அதுதான் நினைவுக்கு வந்தது.

அதே கம்பெனி போன வருடம் இங்கே கோவையில் கடை திறந்தபோது, விடுதியில் என் வார்டன் அறைக்கு ஒரு கட்டில் வாங்கினேன். சென்ற வாரம் அதன் கால் கழன்று, நானும் கட்டிலோடு கீழே வந்தேன். அடியில்லை, சிரிப்புதான் வந்தது. கடைக்குப் போய்ப் பார்த்தால், அன்று விற்ற பிள்ளைகளில் ஒருவரும் இல்லை.

"அவங்கெல்லாம் தொறப்பு விழாவுக்கு எடுத்த ஆளுங்க சார். கூட்டம் கொறஞ்சதும் அனுப்பிட்டாங்க" என்றார் காவலாளி.

நம் பக்கம் திராட்சை வெட்டுக்கு ஆள் கூப்பிடுவதும் இப்படித்தான். ஆனால் வெட்டுக்கு வருகிறவளுக்கு அது சில நாள் வேலை என்று முன்பே தெரியும். ஓவியாவோ இதை நம்பி, உத்தமபாளையம் மருந்துக்கடை வேலையை விடப்போகிறாள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. விடுதி மணி அடித்துவிட்டது, போகவேண்டும்.

வேலையை விடுமுன், ஓவியாவை மதுரையில் பல வருடமாக இருக்கும் அந்தக் கம்பெனியின் கடைக்கு ஒருமுறை போகச் சொல். அங்கே நிற்கும் ஒரு பெண்ணிடம், "போன தீவாளிக்கும் இங்கனதான் இருந்தியா ஆத்தா?" என்று மட்டும் கேட்டு வரட்டும்.

சுருளிராஜன்