டைசி படுத்திருக்கும் இடம்

1996 ஜனவரி 14, ஞாயிறு

சபையில் ஆராதனை முடிந்து, வழக்கம்போல டோஷி அண்ணி வீட்டில் சாப்பாடு. கீரையில் உப்புக் கரித்தது. நானும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸும் சொல்லவில்லை. அவருடைய அக்கா டோஷியிடம் சமையலில் குறை சொல்லிவிட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தவர் இந்த ஊரிலேயே கிடையாது.

கேக் வெட்டும்போது அண்ணி ஆரம்பித்தாள். போன இலையுதிர் காலத்தில் ஆம்ப்ரோஸுக்கு இருதயத்தில் கத்தி வைத்ததிலிருந்து அவள் மனதில் இது ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"மவுண்ட் நீபோ கல்லறையில நம்ம வரிசையில ரெண்டு எடம்தான் மிச்சம், தம்பி. அம்மாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ."

"அப்போ எர்னஸ்டீன்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் ஆம்ப்ரோஸ்.

"அது நம்ம கெய்தர் குடும்பத்து ரத்தத்துக்குன்னு இருக்கிற வரிசை. அவ தன் ஆளுங்களோட இருந்துக்கட்டும்."

என் ஆளுங்க. போர்வையில் சுற்றி, சபையின் கடைசிப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போன குழந்தை நான். வளர்த்தது பாஸ்டரின் மனைவி ஹேட்டி அம்மா. அண்ணிக்கு இது தெரியாதா? இந்த ஊரில் தெரியாதவர் யார்?

கேக்கை முழுவதும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜனவரி 15

காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே ஆம்ப்ரோஸ் சொன்னார்: "நீ இல்லாத எடத்துல நான் படுக்க மாட்டேன். அவ்வளவுதான்." அப்புறம் கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு நீளமான காதல் வசனம் இதுதான்.

ஜனவரி 23

கோர்ட்டில் இருக்கும் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பழைய நிலப் பத்திரங்களைக் கேட்டேன். ஏன் போனேன்? கோபத்தில்தான். ரத்தம் ரத்தம் என்கிறாளே, அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம் என்று.

ஆம்ப்ரோஸின் தாத்தா கேட்டோ கெய்தர் ஓடைக்கரையில் நிலம் வாங்கியிருக்கிறார். பஞ்ச காலத்தில் வரி கட்ட முடியாமல் குடும்பத்தின் கையை விட்டுப் போயிருக்கிறது. போகும்போது எழுதிய பத்திரத்தில் ஒரு வரி: "டைசியின் கல்லறை நிலம் நீங்கலாக."

டைசி, தாத்தாவின் அம்மா. அடிமைக் காலத்தில் பிறந்து, விடுதலையைக் கண்ணால் பார்த்தவள். பெயர் மட்டும்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டைசி, டைசி என்று வண்டிக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

அண்ணியிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

"அவ எங்க பூட்டி. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"யாருமே தேடலையே அண்ணி."

"தேடாததுக்குக் காரணம் இருக்கும். ஒண்ட வந்தவ ஒடம்பை வளைச்சுத் தோண்ட வேண்டாம்."

ஒண்ட வந்தவ. வண்டியில் அழுதேன். ஆம்ப்ரோஸ் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "செத்தவங்க எங்கயும் ஓடிப் போக மாட்டாங்க எர்னஸ்டீன். மெதுவாத் தேடலாம்" என்றார். தேடலாம் என்றால்? அவரும் வருகிறாராம்.

பிப்ரவரி 6

அந்த நிலம் இப்போது ராய்ஸ் டாலிவரிடம் இருக்கிறது. வெள்ளைக்காரர், முழுக்கப் பைன் மரம் போட்டிருக்கிறார். வாசலில் நின்று கேட்டோம். துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து, நாயை அதட்டி, நாற்காலி போட்டார்.

"கெய்தரா? மிஸ் டோஷிக்குச் சொந்தமா?"

"என் அக்கா" என்றார் ஆம்ப்ரோஸ்.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். "ஏழாம் வகுப்புல எனக்குக் கணக்கு. கறுப்புப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்தையும் வெள்ளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்தையும் ஒண்ணாக்கின வருஷம். என்னை மூலையில நிக்க வெச்சே பின்னத்தைப் புரிய வெச்சாங்க. அவங்களும் வராங்களா?" முகத்தில் நிஜமான பயம்.

வரவில்லை என்றதும் மூச்சு விட்டார். அப்புறம் சொன்னார்: "ஓடைக்கு மேல, பைனுக்கு நடுவுல, ஒரு எடத்துல ஒவ்வொரு பிப்ரவரியும் மஞ்சப் பூ பூக்கும். டாஃபடில். அங்க வீடு இருந்ததா எங்கப்பா சொன்னதே இல்ல. யாரோ ஒருத்தர் கை வெச்சு நட்டாத்தானே அது வரும்? அந்த எடத்துல மட்டும் நான் மரம் நடல. ஏன்னு கேக்காதீங்க. நடத் தோணல."

பூக்கிறதுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகுமாம். போகும்போது மான் கறி கொடுத்தனுப்பினார்.

பிப்ரவரி 17, சனி

கண்டுபிடித்துவிட்டோம்.

வரிசையாக எழுதுகிறேன்.

ராய்ஸ் முன்னால், நாய் அதற்கும் முன்னால், ஆம்ப்ரோஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நடுவில், நான் கடைசி. பைன் காடு ஒரே பழுப்பு. திடீரென்று மஞ்சள். தரையெல்லாம் நீலப் பூக்கொடி படர்ந்து, அதற்குள் டாஃபடில். பழைய தேவதாரு மரம் ஒன்று பாதி செத்து நிற்கிறது.

ஆம்ப்ரோஸ் மாவட்டச் சாலை வேலையில் ஆயுசைக் கழித்தவர். மண்ணைப் பார்த்துப் பழகிய கண். "இங்க பாரு, உள்வாங்கியிருக்கு" என்றார். ஆள் நீளத்துக்கு ஒரு பள்ளம், மேற்கே தலை, கிழக்கே கால். தலைமாட்டில் ஓடைக்கல் ஒன்று. எழுத்து எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் கல்லறை மேல் வைத்த ஒரு வெள்ளை ஜாடியின் உடைந்த கழுத்து மட்டும் மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கிறது.

அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பள்ளங்கள். தொட்டில் அளவு. கொஞ்சம் பெரியது. அதைவிடப் பெரியது. எல்லாமே அவளைப் பார்த்தபடி நெருக்கி நெருக்கி.

"எல்லாம் பிள்ளைங்க" என்றார் ராய்ஸ்.

ஆம்ப்ரோஸ் மண்டி போட்டார். மருத்துவர் கூடாது என்று சொன்ன காரியம். தடுக்கவில்லை. கல்லின் மேலிருந்த பாசியை உள்ளங்கையால் தடவிவிட்டு, "பூட்டி, நான் வில்லி பையன்" என்றார். வில்லி, அவருடைய அப்பா.

பிப்ரவரி 18

அண்ணியிடம் ஆம்ப்ரோஸே போனில் சொன்னார். "நாளைக்கு எந்தத் தொப்பி போட்டுட்டு வரணும்?" என்று கேட்டாளாம்.

மார்ச் 3

மழையால் இன்றைக்குத்தான் போக முடிந்தது. அண்ணிக்கு ஊதா நிறத் தொப்பி. ராய்ஸைக் கண்டதும், "டாலிவர், சட்டையை உள்ள விடு" என்றாள். முப்பத்தெட்டு வயது மனிதர், உடனே உள்ளே விட்டார்.

அங்கே போனதும் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு நின்றாள். தலை நிமிர்ந்து, ஏதோ பரிசு வாங்குகிறவள் மாதிரி. "இதுதான் வேர். இந்த ரத்தம்தான் கேட்டோ தாத்தா, அப்பா, நாங்க." சின்னப் பள்ளங்களைப் பார்த்துக் கண் கலங்கினாள். "எத்தனையைப் பெத்து எத்தனையைப் பறிகொடுத்திருக்கா. இவங்களுக்குப் பேர் இருந்திருக்குமே, எர்னஸ்டீன். யாரைக் கேக்கலாம்?"

என்னைக் கேட்டாள். நான் ஒரு வாரமாக விசாரித்துவைத்திருந்தேன். பக்கத்து மாவட்டத்தில் ஓபீலியா ரக்கர் என்று ஓர் அம்மா, தொண்ணூறு தாண்டியவள். அவளுடைய அம்மா இந்த ஓடைக்கரையில் வளர்ந்தவளாம்.

மார்ச் 14

ஓபீலியா அம்மாவுக்குக் கண் தெரியாது. காது துல்லியம். மகள் வீட்டு அடுப்போரத்தில் உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். பார்க்காமலே உரிக்கிறாள்.

அண்ணி தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். "டைசியோட கொள்ளுப்பேத்தி. அவ ரத்தம்."

கிழவி சிரித்துவிட்டாள். பொல்லாத சிரிப்பு இல்லை. "டைசிக்கு ஏதும்மா பேத்தி? அவ வயித்துல ஒண்ணும் தங்கலியே."

"கேட்டோ கெய்தர் அவ மகன்."

"மகன்தான். பெத்த மகன்னு யாரு சொன்னா? விடுதலை வந்த வருஷம் ரோடு பூரா ஜனம். வித்துப்போன புருஷனைத் தேடி, பிள்ளையைத் தேடி, நடந்துகிட்டே இருந்தாங்க. நடக்க முடியாத குழந்தைங்க ஓரமா நின்னுச்சுங்க. டைசி ஒரு கோணியை எடுத்துட்டுப் போவா, விறகு பொறுக்கப் போற மாதிரி. வரும்போது இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. பாதி வந்த வேகத்துல செத்துப்போச்சு. அதுகளைத்தான் சுத்தி வெச்சிருக்கா. பிழைச்சவங்கள்ல உங்க கேட்டோ ஒருத்தன், எங்கம்மா ஒருத்தி. கேட்டோவைப் பெத்தது யாருன்னு டைசிக்கே தெரியாது."

"அந்தக் குழந்தைங்க பேரு?"

"அதுகளுக்கே தெரியாதாம். பேசத் தெரிஞ்சாத்தானே சொல்லும்? டைசியாப் பார்த்து வெச்ச பேருங்க இருந்திருக்கும். அது அவளோட போச்சு."

அண்ணி கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

திரும்பி வரும் வழி முழுக்க அவள் அந்தக் கைக்குட்டையை விடவில்லை. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. என்ன அண்ணி, ரத்தம் என்ன ஆச்சு? — கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை. எழுபத்தினாலு வயதில் அநாதையாவது எப்படி இருக்கும்? நான் பிறந்த அன்றைக்கே ஆகிவிட்டேன், பழகிவிட்டது. அவளுக்குப் புதுசு.

மார்ச் 24

இரண்டு ஞாயிறாக அண்ணி சபைக்கு வரவில்லை. பாடல் குழுவில் யாரும் சுருதியில் பாடவில்லை. முறைப்பதற்கு ஆள் இல்லையே.

மார்ச் 27

சோளரொட்டியும் கோழி சூப்பும் எடுத்துப்போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே நடமாடுகிற சத்தம் கேட்டது. பாத்திரத்தை வாசல் ஊஞ்சல் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 30

மறுபடி போனேன். கதவைத் திறந்தாள். வீட்டுக்குள் அணிகிற கவுன், தலையில் துணி. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"சூப்புல மிளகு பத்தல" என்றாள்.

"அடுத்த தடவை போடுறேன்."

"உக்காரு."

உட்கார்ந்தேன். காபி ஊற்றினாள். ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "உனக்கு எப்பவாவது தோணுமா? உன்னைப் பெத்தவ யாரா இருக்கும்னு?"

"சின்ன வயசுல தோணும். சந்தையில போற பொம்பளைங்க மூக்கை எல்லாம் பார்ப்பேன், என் மூக்கு மாதிரி இருக்கான்னு."

"அப்புறம்?"

"அப்புறம் ஹேட்டி அம்மா கூப்பிடுவாங்க. போயிடுவேன்."

காபி ஆறிப்போயிற்று. "அந்தக் கோணியோட போனாளே அவ" என்றாள் கடைசியில். "தனக்கே சோத்துக்கு வழியில்ல. நாளைக்கு என்னன்னு தெரியாது. போயிருக்கா பாரு." அழுதாள். நானும்தான். இரண்டு கிழவிகள், ஆளுக்கொரு கைக்குட்டை. நல்லவேளை ஆம்ப்ரோஸ் கூட வரவில்லை.

ஏப்ரல் 7, ஈஸ்டர்

அண்ணி சபைக்கு வந்துவிட்டாள். மஞ்சள் தொப்பி. பாடல் குழு நடுங்கிக்கொண்டே சரியாகப் பாடியது.

மே 19, ஞாயிறு

கல்லறை சுத்தம் செய்யும் நாள். இந்த முறை மவுண்ட் நீபோவில் முடித்துவிட்டு எல்லோரும் ஓடைக்கரைக்கும் வந்தார்கள். ஓபீலியா அம்மாவை ரக்கர் வீட்டார் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ராய்ஸ் புல் வெட்டி, முள்வேலியில் வழி திறந்து, சட்டையை உள்ளே விட்டு நின்றார். மரத்தடியில் விரிப்பு விரித்து வறுத்த கோழி, பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட். ரக்கர் வீட்டுப் பெண்களுக்கு எங்களைவிட நன்றாக கேக் வருகிறது. இதை அண்ணியிடம் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு முன் அண்ணி எழுந்து பேசினாள். வகுப்பில் பேசுகிற குரல். எதையும் மறைக்கவில்லை. "எங்க தாத்தாவைப் பெத்தது யாருன்னு எனக்குத் தெரியாது. எடுத்தது யாருன்னு தெரியும். இவதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஆமென், ஆமென் என்று ஓபீலியா அம்மாதான் முதலில் சொன்னாள்.

சாப்பிட்ட பிறகு ராய்ஸைக் கூப்பிட்டாள். "டாலிவர், டைசிக்கு இடது பக்கம் ஒரு எடம் காலியா இருக்கு. எனக்கு அது வேணும்."

"உங்களுக்கு இல்லாததா, மிஸ் டோஷி. ஆனா அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"உன் கணக்கு மாதிரியே உன் பேச்சும்."

ஆம்ப்ரோஸ் அதிர்ந்துபோனார். "அக்கா, அம்மா பக்கத்துல உனக்குன்னு எடம் இருக்கே?"

"அதுல எர்னஸ்டீன் படுக்கட்டும். அம்மாவுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் அவ. பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்."

ஆம்ப்ரோஸ் யோசித்தார். "அப்போ எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அம்மாவா?"

"ஏன், என்ன இப்போ?"

"ஒண்ணும் இல்ல. உயிரோட இருந்தப்பவும் அங்கதான் இருந்தாங்க."

அண்ணி சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்துவிட்டது.

1997 நவம்பர் 22, சனி

டோஷி அண்ணியை இன்று டைசியின் இடது பக்கத்தில் வைத்தோம். ராய்ஸும் ரக்கர் வீட்டுப் பையன்களும் பெட்டியைத் தூக்கினார்கள். காற்று குளிராக இருந்தது, வெயில் நன்றாக இருந்தது.

அடக்க ஆராதனையில் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பை அவளே எழுதிவைத்திருந்தாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று பாஸ்டருக்கு உத்தரவு. பிறந்தது, படித்தது, எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொன்னது — எல்லாம் வாசித்து முடித்துவிட்டு, கடைசி வரிக்கு வந்தார்: "இவர் விட்டுச் செல்வது, தம்பி ஆம்ப்ரோஸ், தங்கை எர்னஸ்டீன்."

ஆம்ப்ரோஸ் என் கையைப் பிடித்தார். நான் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வரும்போது முகம் தெரியாத ஒரு பெண், அட்லாண்டாவிலிருந்து வந்த ரக்கர் உறவாம், என்னைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "நீங்கதான் அந்தத் தங்கச்சியா?"

ஆமாம் என்றேன்.