பஸ் ஏறாத மலையில் அதிர்வு

நல்லம்பள்ளி,
3-9-1986

திரு. சவுரியப்பன் அவர்களுக்கு,

வேண்டிய மட்டும் வாய் மூடி இருந்துவிட்டேன். தொப்பூர்க் கணவாயில் வெயிலில் அலைந்து நான் வரைந்த நிலச்சரிவு வரைபடம் உங்கள் பெயரில் அச்சானபோதும் பேசவில்லை. இனி முடியாது.

சித்தேரி மலையில் ஒரு சிற்றூருக்கு மேலே உள்ள சரிவு நகர்கிறது. விமானத்திலிருந்து எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறை போன்ற வெடிப்பு நீண்டிருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் அதே இடம் மொட்டையாகத் தெரிகிறது. அங்கே வைத்த அதிர்வுக் கருவியும் சிறு சிறு நடுக்கங்களைத் தாளில் கீறிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாள்களைச் சென்னைக்கு அனுப்பினேன். ‘பஸ் போகும் அதிர்வு’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டீர்கள். பாலம் உடைந்து, ஆடி முழுக்க மலைக்கு பஸ்ஸே ஏறவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஊர்க்காரர் மல்லையனிடம் இதைச் சொன்னேன்.

"எங்களுக்குத் தெரியாம யாருங்க சார் பஸ்ஸு வுட்டது? சந்தைக்கு நடந்தே காலு தேஞ்சு போச்சுங்க. அந்த ஆபீசரையே கண்டக்டரா அனுப்பி வையுங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி மழைக்கு முன் அவர்களைக் கீழே இறக்க வேண்டும். வரைபடம் என் பெயரிலேயே கலெக்டருக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
நூர் பாஷா

சென்னை,
15-9-1986

அன்புள்ள பாஷா,

‘அவர்களுக்கு’ என்று எழுதும் அளவுக்கு அந்நியனாகிவிட்டேனா? விடுதியில் ஒரே வாளியில் மாறி மாறிக் குளித்தவர்கள் நாம். வீட்டில் அக்தர் நலமா? என் வீட்டில் லூர்துமேரி விசாரிக்கச் சொன்னாள்.

கருவியைச் சாலையோரம் வைத்தது நீ. தாளைப் பார்ப்பவன் பஸ் என்றுதான் நினைப்பான். அங்கே பஸ் நின்றுபோனது இங்கே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? சரி, இப்போது நம்புகிறேன்.

ஆனால் உன் பெயரில் போனால் காரியம் நடக்காது. மேலதிகாரிகள் அத்தனை பேர் மீதும் மனுப் போட்டவன் நீ. "மறுபடியும் பாஷாவா?" என்று ஒரு குழு போடுவார்கள். குழு மலையேறுவதற்குள் மழை பெய்து ஓய்ந்துவிடும். என் பெயரில் அனுப்பினால் உடனே உத்தரவு வாங்கிவிடுவேன். பெயர் இல்லாமல் வரைபடத்தை அனுப்பு. கோபப்படாமல் யோசி.

உன்,
சவுரி

நல்லம்பள்ளி,
28-9-1986

சவுரி,

நேற்று மறுபடி மலைக்குப் போனேன். மழை முந்திக்கொண்டது. சென்ற முறை விரல் நுழைந்த வெடிப்பில் இப்போது கால் இறங்குகிறது. மல்லையனின் மனைவி சின்னபொண்ணு சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கீழே போய்விடுங்கள் என்றேன்.

"வாய் வார்த்தைக்கு வூட்டையும் வெள்ளாமையையும் வுட்டுட்டு எறங்குவாங்களா? கலெக்டரு எடம் குடுக்கட்டும், வர்றோம். நீங்களும் வர்றீங்க, மெட்ராசுல யாரையோ திட்டறீங்க, போறீங்க. அந்தப் பெட்டி எங்க மலை ஆடறத எழுதுதா, இல்ல உங்க வயித்தெரிச்சல எழுதுதாங்க சார்?"

கருவியின் தாளைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தேன்.

வரைபடத்தின் மூலையில் மையில் எழுதியிருந்த என் பெயரை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். தாள் கிழியவில்லை. உன் பெயர் எழுத இடம் இருக்கிறது.

மன்னித்துவிட்டதாக நினைக்காதே. தொப்பூரில் நீ எடுத்துக்கொண்டாய். இதை நான் கொடுக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குக் களைப்பாக இருக்கிறது. அவர்கள் இறங்கியதும் ஒரு தந்தி கொடு. அதற்குமேல் நமக்குள் கடிதம் வேண்டாம்.

என் குணம் உனக்குத் தெரியும். இரண்டு நாள் போனால் வரைபடம் என்னுடையது என்று மனுப் போடத் தோன்றும். உத்தரவு அங்கேயே நின்றுவிடும். அப்போது ஆதாரமாகக் காட்டுவதற்கு என் கையொப்பம் உள்ள தாள் ஒன்றுகூட உன்னிடமோ என்னிடமோ இருக்கக் கூடாது. என் முதல் கடிதத்தைக் கிழித்துப் போடு. அதனால் இந்தக் கடிதத்தின் அடியிலும் பெயர் எழுதாமல், இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.