ரசம் வைக்கிற ஆள்

ஏங்க, நீங்கள் போன பிறகு நான் பெருக்கும் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் இன்று காலை தெர்மாமீட்டர் உடைந்தது. தரையெல்லாம் மணி மணியாகப் பாதரசம். குனிந்து விரலால் கூட்டப் போனேன். "ஐயோ, கைய வெக்காதம்மா, விஷம்!" என்று டாக்டரம்மா கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த விஷத்தைத்தானே பதினோரு வருஷம் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தீர்கள்.

ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். சாமிக் கவசத்துக்கு முலாம் பூசுகிற பட்டறை. தங்கத்தை ரசத்தில் கரைத்து, செம்பில் தடவி, நெருப்பில் காட்டினால் ரசம் புகையாகப் போய்விடும், தங்கம் நிற்கும். "அந்தப் புகைதான் கையை நடுங்க வெச்சிருக்கும். கிட்னியக் கெடுத்து எலும்பக்கூட பலவீனமாக்கியிருக்கலாம்" என்றார். செத்து ஐந்து வருஷம் கழித்து உங்கள் நோய்க்குப் பெயர் கிடைத்தது.

புகை போக வழியா இல்லை? கோட்டைமலையைப் பார்த்து அத்தனை பெரிய சன்னல் இருந்தது. முதலாளிதான் ஆணி அடித்து மூடினார். "காத்து வந்தா தங்கம் பறந்துடும்" என்றார். அவரும் உள்ளேயே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தார். உங்கள் கையில் டீ கிளாஸ் தளும்பியபோது கடைவீதி சிரித்தது. சாராயக்கடைப் பக்கமே போகாத மனிதர் நீங்கள்.

எண்பத்திரண்டில் சிங்கவரம் பஸ்ஸின் கடைசிப் படியில் இறங்கினீர்கள், தொடை எலும்பு முறிந்தது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஓடிவந்த முதலாளி நடுத்தெருவில் நின்று, "குடிச்சிட்டு வுழுந்துட்டான், நான் இன்னா பண்றது?" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். பட்டறைப் பேச்சிலேயே, "ரசம் வெக்கிற வேலை சார்" என்றீர்கள். அவர்கள் ஏதோ எழுதிக்கொண்டார்கள், நானும் தலையாட்டினேன். அந்தச் சீட்டை இன்று மத்தியானம் வீட்டிலிருந்து எடுத்துப்போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். இங்கிலீஷைப் படித்துவிட்டு, "சமையல்காரர், குடிப்பழக்கம் உண்டுன்னு போட்டிருக்கே" என்றார். மிளகு ரசம் என்று நினைத்துவிட்டார்கள்! தலையாட்டிய என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

முறிந்த எலும்பு ஒட்டவே இல்லை. "நான் குடிக்கலன்னு யார்கிட்டனா சொல்லு" என்று கேட்டபடியே போனீர்கள். சொல்லாமல் இருந்தேனா? குடிகாரன் பெண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்றது ஊர்.

இதைக் கேளுங்கள். இப்போது முதலாளிக்கும் கை நடுங்குகிறது. பெருசு ஊத்திக்கினு வருது என்று அதே கடைவீதி சிரிக்கிறது. மகளுக்கு அமைந்த சம்பந்தம் இந்தப் பேச்சால் தட்டிப்போகப் பார்க்கிறது. இன்று சாயங்காலம் நம் வாசலில் வந்து நின்றார்.

"நீ ஆஸ்பத்திரில கீற. இது குடி இல்ல, ரசப்புகைன்னு டாக்டரம்மாவ வுட்டு சம்பந்தி வூட்ல சொல்லச் சொல்லும்மா."

"ரசப்புகைன்னு உங்களுக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

அவர் தரையைப் பார்த்தார். தெரிந்தேதான் உங்களைக் குடிகாரன் ஆக்கியிருக்கிறார்.

"மொதல்ல கடைவீதில நின்னு என் வூட்டுக்காரரு குடிகாரர் இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

"செத்தவனுக்கு இனிமே அது எதுக்கும்மா?"

"அப்ப எனக்கு இன்னா தெரியும் மொதலாளி? என் வூட்டுக்காரரு சமையல்காரரு. ஆஸ்பத்திரி சீட்லயே எழுதியிருக்குது."

கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பெண் பாவம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் கடைவீதியில் நின்று உங்கள் பெயரைச் சொல்கிற வரைக்கும் அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. அவரை மன்னித்துவிடு என்று சொல்வதற்காக மட்டும் கனவில் வந்துவிடாதீர்கள்.