ஒரே பில்டரில் நான்கு தேதிகள்

என் மணியம் அண்ணே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. இன்று அழுகை வரவில்லை. கோபம் வருகிறது. முன்பெல்லாம் யார்மேல் கோபம் வந்தாலும் உன்னிடம்தான் வந்து கொட்டுவேன். உன்மேலேயே வந்தால் எங்கே போவது?

போன மாதம் பெண்டாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வயல்களுக்கு நடுவே வரும்போது என் காடியின் எஞ்சினில் சத்தம், யாரோ உள்ளே உட்கார்ந்து கரண்டியால் தட்டுவதுபோல. எண்ணெய் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. அந்தத் தைரியத்தில் சுங்கை லாலாங்கில் என் வீடு வரைக்கும் ஓட்டி வந்துவிட்டேன். மறுநாள் பீடோங்கில் மைக்கல் என்பவரின் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். உன் பட்டறையை விட்டு அந்த வண்டி வேறு பட்டறைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

அவர் எண்ணெய் பில்டரைக் கழற்றி எடுத்துவந்தார். அதன்மேல் வெள்ளை மையில் உன் எழுத்து. ஒவ்வொரு சர்வீசிலும் என்னைக் குனியச்சொல்லி டார்ச் அடித்துக் காட்டுவாயே, "பாத்துக்க தங்கச்சி, புதுசு. தேதி போட்டுட்டேன்" என்று. அதே தேதி.

"யாருக்கா இத மாத்துனது?" என்றார்.

"எங்கண்ணே."

அவர் துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்துத் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாத்தலக்கா. எழுதி மட்டும் வச்சிருக்காரு."

கடைசித் தேதிக்கு அடியில் அதற்கு முந்தையது மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் அடியில் இன்னும் இரண்டு. அழித்து அழித்து எழுதியிருக்கிறாய். ஒரே பில்டரில் நான்கு தேதிகள், அண்ணே. இரண்டு வருடம். மைக்கல் அதை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய காகிதம் தாரில் முக்கிய கந்தலாகக் கிடந்தது.

"இவ்வளவு அடைச்சிருந்தா எண்ணெயே போயிருக்காதே? லைட்டு ஏன் எரியல?" என்று கேட்டேன்.

"உள்ள ஒரு வால்வு இருக்குக்கா. பில்டர் அடைச்சா அது தொறந்துக்கிட்டு, வடிகட்டாமலே எண்ணெய உள்ள விட்டுரும். எஞ்சின் காஞ்சு சாகறதுக்கு அழுக்கு எண்ணெய் மேலுன்னு செஞ்சிருக்கான். காலையில எண்ணெய் கெட்டியா இருக்கும்போது கொஞ்ச நேரம் தொறக்கும், சூடானதும் மூடிக்கும். அது நல்லதுதான்லா. ஒங்களுது மூடவே இல்ல."

எண்ணெயை மட்டும் நீ ஒழுங்காக மாற்றியிருக்கிறாய். அது உண்மை. ஊற்றும்போது தேன் நிறத்தில் இருந்தது ஒரே வாரத்தில் கறுத்துப்போகும். ஒருமுறை எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி உன்னிடம் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? "இது ஏன்ணே இவ்வளவு சீக்கிரம் கறுக்குது?" நீ சிரித்தாய். "படிச்ச பிள்ள கேக்குற கேள்வியப் பாரு. பேரே மிஞ்யாக் ஹித்தாம்லா! கறுப்பு எண்ணெய்னு பேர வச்சிட்டு வெள்ளையாவா இருக்கும்?"

நானும் சிரித்தேன். கடைக்காரரிலிருந்து கோவில் பூசாரி வரை நாம் எல்லோரும் எஞ்சின் எண்ணெயை மலாயில் அப்படித்தானே சொல்கிறோம். பெயரே கறுப்பு என்பதால் கறுத்தால் சரி என்று நம்பிவிட்டேன். கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள் நான். ஒவ்வொரு கையுறையிலும் தண்ணீர் ஊற்றி, ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று தேடுவதுதான் என் பிழைப்பு. உன் வார்த்தையை மட்டும் சோதித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

சோம்பலில் செய்கிறவன் இல்லையே நீ. அது புரியாமல்தான் பாடாங் செராய்க்குப் போய் அண்ணியிடம் கேட்டேன்.

"அவருக்கு வெரல்ல உணர்ச்சியே இல்ல பரமேஸ். இனிப்புநீர், சர்க்கர ஏறி நரம்பு செத்துருச்சு. சட்டைப் பொத்தான் கூட நான்தான் போட்டுவிடுவேன். ஸ்பேனர்னா ரெண்டு கையாலயும் புடிச்சி ஒடம்பால தள்ளுவாரு. அந்த பில்டரக் கையால இறுக்கித் திருகணுமாம்ல, அது அவரால முடியல. யாருக்கும் தெரியக்கூடாதுன்னாரு. உனக்குத் தெரியவே கூடாதுன்னாரு."

"எனக்கு ஏன் அண்ணி?"

"நீ பட்டறைய மூடச் சொல்லிருவியாம்."

சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்காகவா என்னை ஏமாற்றினாய்? கூப்பிட்டிருந்தால் வண்டிக்கு அடியில் படுத்து நானே திருகியிருக்க மாட்டேனா? கோணலாகிக்கொண்டே போன உன் எழுத்தைப் பார்த்து, "கோழி கிண்டுனாப்ல இருக்குண்ணே" என்று கேலி செய்தேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே. நீயும் சேர்ந்துதானே சிரித்தாய்.

என் எஞ்சின் போனதற்காக இதை எழுதவில்லை. நீ கடைசிவரை பார்த்துக்கொடுத்த வண்டி என்னுடையது ஒன்றுதானா? தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ராமு மாமாவின் வேன் இருக்கிறது. இன்னும் எத்தனை பேர் உன்னை நம்பி வண்டியை விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று அண்ணியிடம் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "செத்தவரச் சந்தியில இழுக்காத பரமேஸ். அந்த மனுசன் சேத்து வச்சதே பேரு ஒன்னுதான்."

நேற்று ராமு மாமா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் வேனைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார், "மணியம் தொட்ட வண்டிலா இது. கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்." அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லாமலே திரும்பிவிட்டேன். வரும் வழியெல்லாம் எனக்கு என்மேலேயே அருவருப்பு. உன் பேரைக் காப்பாற்ற நானும் ஒரு தேதி எழுதிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் படித்துவிட்டு மடித்து வைக்காமல், எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். கடைசி இரண்டு வருடத்தில் மணியத்திடம் வண்டி விட்டவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து பில்டரைக் கழற்றிப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

நாளைக் காலை, பிள்ளைகள் ஏறுவதற்கு முன்பே, ராமு மாமா வாசலில் நிற்பேன். பில்டரைப் பற்றி மட்டும் சொன்னால் உன்னை ஏமாற்றுக்காரன் என்பார்கள். உன் விரல்களைப் பற்றியும் சொல்வேன். எதை என்னிடமிருந்து மறைத்தாயோ அதையே ஊருக்குச் சொல்லப்போகிறேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் சொல்வேன், அண்ணே. இது சத்தியம்.

உன்மேல் கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்தவள்,
பரமேஸ்