எங்கள் விமானத்தின் பத்தொன்பது கிலோ

அனுப்புநர்:
உரிமையாளர் (பெண், வயது 47),
எடைக்கருவி பழுதுபார்ப்பு நிலையம்,
கடைவீதி, தபால் நிலையத்துக்கு எதிரில்.

பெறுநர்:
உயர்திரு பதிவு அதிகாரி அவர்கள்,
சிறு விமானப் பதிவு அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் – உண்மை எடையைக் குறிப்பிட்டதால் விண்ணப்பம் திருப்பப்பட்டமை – அதிகாரி முன்னிலையில் எடை பார்த்துப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும், தபால் வேன் ஓட்டுநராகப் பணிபுரியும் என் நாத்தனாரும் சேர்ந்து ஒரு பழைய விமானம் வாங்கியிருக்கிறோம். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. மனுவில் சிரிக்கக் கூடாது என்பதால் மேலே செல்கிறேன். அதில் நாங்கள் இருவரும் பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்; உரிமம் பெற்ற பின் அதே விமானத்தில், தீவுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மகளைப் பார்க்கப் போக வேண்டும். சாலையும் படகுமாக ஒன்பது மணி நேரம் ஆகிற வழி. வானில் ஐம்பது நிமிடம்.

2. விமானத்தை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏழு மாதம் அலைந்து மூன்று விமானங்களைப் பார்த்தோம். முதலாவது நான்கு இருக்கை, வேகமானது, பளபளப்பானது. நாத்தனார் அதன் கதவைத் திறந்து திறந்து மூடினார். ஆனால் தீவில் இருப்பது அறுநூறு மீட்டர் புல்தரை ஓடுதளம். அதில் இறங்க அந்த விமானத்துக்கு இடம் போதாது. இரண்டாவது, வால் பக்கம் சக்கரம் வைத்த, துணி போர்த்திய விமானம். பார்க்க அழகு, தரையில் ஓட்டப் பழகவே ஒரு வருடம் பிடிக்கும் என்றார்கள்.

3. பறக்கக் கற்றுத்தரும் ஆசிரியரைக் கேட்டோம். ஆள் உருவத்தை வைத்து விமானத் தளத்தில் எல்லோரும் அவரை ‘மலை’ என்று அழைப்பார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கத்துக்க ஒண்ணு, வெச்சுக்க ஒண்ணுன்னு ரெண்டா வாங்கப் போறீங்க? தரையில நீங்க தொப்பு தொப்புன்னு போட்டாலும் கோவிச்சுக்காத வண்டியா பாருங்கம்மா.” அப்படிப் பார்த்ததுதான் மூன்றாவது. இறக்கை மேலே, மூக்கின் கீழ் சக்கரம், இரண்டே இருக்கை, மணிக்கு 23 லிட்டர் பெட்ரோல். “அண்ணி, இது விமானமா, இல்ல இறக்கை வெச்ச தகர டப்பாவா?” என்றார் நாத்தனார். உள்ளே உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துப் பார்த்தவர் அரை மணி நேரம் இறங்கவில்லை. இப்போது ‘நம்ம தகரம்’ என்கிறார்.

4. இங்கேதான் சிக்கல் தொடங்கியது. எனக்கு இருபத்திரண்டு வருடமாக எடைதான் தொழில். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் தராசில் வைக்காமல் விடமாட்டேன். விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் வெற்று எடை, அதாவது ஆளும் பெட்ரோலும் இல்லாத எடை, 508 கிலோ என்று இருந்தது. எண்ணெய்க்கடைத் தராசைக்கூட வருடத்துக்கு ஒரு முறை சோதிக்கிறோம். இந்த எண்ணுக்கோ வயது பதினேழு. ஆகவே விமானக் கொட்டகையில், உரிமம் பெற்ற மெக்கானிக் முன்னிலையில், பெட்ரோலை வடித்துவிட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று தராசுகளின் மேல் விமானத்தை ஏற்றினோம்.

5. முதலில் 514 காட்டியது. ஆனால் எண்கள் நிற்கவில்லை. 520 ஆனது, 527 ஆனது, மறுபடி 514-க்கு இறங்கியது. தராசில் கோளாறு என்று நினைத்து நான் வெட்கப்பட்டேன். மெக்கானிக்தான் கொட்டகையின் திறந்த கதவைக் காட்டினார். வெளியே காற்று வீசும்போதெல்லாம் எடை குறைந்தது. நின்ற இடத்திலேயே இறக்கை விமானத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஐயா, இந்தப் பத்தி மனுவுக்குத் தேவையில்லை என்கிறார் நாத்தனார். இருந்துவிட்டுப் போகட்டும். பறப்பது என்றால் என்ன என்று பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். பதின்மூன்று கிலோ என்று எண்ணாகக் கண்ணால் பார்த்தது அன்றுதான். நாங்கள் இருவரும் கதவருகே ஓடி, அடுத்த காற்று எப்போது வரும் என்று குழந்தைகள்போல நின்றோம்.

6. பிறகு கதவை மூடிவிட்டு எடை பார்த்தோம். மூன்று முறையும் 527. புத்தகத்தைவிடப் பத்தொன்பது கிலோ அதிகம். பழைய பெயின்டின் மேலேயே இரண்டு தடவை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கழற்றிய ரேடியோவின் ஒயர்கள் தரைவிரிப்பின் கீழ் அப்படியே கிடக்கின்றன. காரணம் அவ்வளவுதான் என்று மெக்கானிக் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். விண்ணப்பத்தில் 527 என்று எழுதினேன். தாங்கள் இதைத் தவறு என்று கருதினால், அந்தத் தவறைச் செய்தது நான்தான்.

7. விண்ணப்பம் முதல் முறை திரும்பியது, ‘பயிற்சி’, ‘சொந்தப் பயணம்’ இரண்டு கட்டத்திலும் குறியிட்டதற்காக. முதலில் அது, பிறகு இது என்று கடிதம் கொடுத்துச் சரிசெய்தோம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் 527-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘புத்தகத்துடன் ஒத்துப்போகவில்லை’ என்ற குறிப்பு. நேரில் வந்து கேட்டபோது தங்கள் அலுவலக எழுத்தர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கனிவாகவே சொன்னார்: “புத்தகத்துல இருக்கிற நம்பரைப் போட்டுட்டுப் போங்கம்மா, இன்னைக்கே முடிச்சுத் தரேன். வானத்துல யாரு தராசு வெச்சிருக்கா?” அதற்கு நாத்தனார், “அண்ணி காதுல விழப்போகுது சார், நாளைக்கே கொண்டுபோய் வெச்சுடுவாங்க” என்றார். எழுத்தர்மீது எனக்கு வருத்தமில்லை. புதிய எடை, அதிகாரி முன்னிலையில் பார்த்தால் மட்டுமே செல்லும் என்ற விதியைக் காட்டியதும் அவரே. அதன்படி கேட்டும், வர வேண்டிய அதிகாரிதான் நாற்பத்தொரு நாட்களாக வரவில்லை.

8. அந்த எண்ணை நான் ஏன் போடவில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். இந்த விமானம் 750 கிலோவுக்கு மேல் எழும்பக் கூடாது. ஆசிரியர் 96 (செருப்பைக் கழற்றிவிட்டு, “காலையில சாப்பிடாம வந்திருக்கணும்” என்று புலம்பியபடி ஏறினார்), நான் 61, பை 5, தொட்டி நிறையப் பெட்ரோல் 70. புத்தகத்தின்படி மொத்தம் 740, குற்றமில்லை. உண்மையில் 759. ஒன்பது கிலோ கூடுதல். தொட்டியில் பதின்மூன்று லிட்டர் (பெட்ரோலில் அதுதான் ஒன்பது கிலோ) குறைத்தால் போதும், எல்லாம் சரி. ஆனால் பொய் எண் புத்தகத்தில் இருந்தால், குறைக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்குப் பின் இதை வாங்குகிறவர் எங்கள் கையெழுத்தை நம்பி, தொட்டியை நிரப்பிக்கொண்டு புறப்படுவார்.

9. ஆசிரியர் இன்னும் மூன்று மாதம்தான் இந்தத் தளத்தில் இருப்பார். இம்மாத இறுதிக்குள் தொடங்காவிட்டால் உரிமம் வரை எங்களைக் கொண்டுபோக அவருக்கு நாள் போதாது. இங்கே வேறு ஆசிரியர் இல்லை. பதிவு கிடைக்கும்வரை விமானம் கொட்டகைக்கு வெளியே கயிற்றில் கட்டப்பட்டு நிற்கிறது. காற்றடித்தால் கயிறு விறைக்கிறது. நாத்தனார் தபால் கொடுக்கப் போகும் வழியில் தினமும் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகிறார்.

10. ஆகவே, ஓர் அதிகாரியை ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம் கொட்டகைக்கு அனுப்புமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தராசில் வருவது எந்த எண்ணாயினும், 508-ஆகவே இருந்தாலும், அதைப் பதிந்து கொடுங்கள், மறுபேச்சுப் பேசமாட்டேன். எங்கள் தராசின்மீது ஐயம் இருந்தால் சோதித்துப் பார்க்க முத்திரையிட்ட எடைக்கற்கள் அங்கேயே தயாராக உள்ளன. 527 என்றே பதிவானாலும் எங்களுக்குக் குறை ஒன்றும் வராது. நானும் நாத்தனாரும் (அவர் 63) முழுத் தொட்டியோடு தீவுக்குப் புறப்பட்டால் 721 கிலோதான். மகளுக்கு இன்னும் 29 கிலோ சாமான் ஏற்றலாம். பட்டியல் இப்போதே தயார்.

வருகிறவர் கதவை மூடுவதற்கு முன் ஒரு நிமிடம் திறந்தே வைத்து, எண்கள் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். காற்று பதின்மூன்று கிலோவைத் தூக்கியதை நான் வெளியே நின்று பார்த்துவிட்டேன். மீதி ஐந்நூற்றுப் பதினான்கையும், கூடவே என் அறுபத்தொன்றையும் அது தூக்குவதை உள்ளே உட்கார்ந்து பார்க்கத் தாங்கள்தான் வழிசெய்ய வேண்டும்.

இடம்: மூன்றாம் எண் கொட்டகை, விமானத் தளம்
நாள்: ஒன்பதாம் தேதி, வியாழன், காலை (நல்ல காற்று)

உண்மையுள்ள,
(கையொப்பம்)
விண்ணப்பதாரர்

(கையொப்பம்)
நாத்தனார், இணை விண்ணப்பதாரர்

இணைப்பு: மெக்கானிக் கையொப்பமிட்ட எடை அறிக்கை, சிவப்பு வட்டமிட்ட விண்ணப்பம், ஆசிரியரின் எடைச் சீட்டு (அவர் சம்மதத்துடன்).